‘அவார்ட்’ என்னும் சொல்

ஓசூர்ப் பக்கத்தில் ‘அவார்டு’ என்ற சொல் பாராட்டு மேடையிலிருந்து பரவியதல்ல. ரெவின்யூ ஆபீசிலிருந்து பரவியது. 1971இல் சிப்காட் என்ற சர்க்கார் ஸ்தாபனம் ஏற்பட்டது. அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கத் தொடங்கினார்கள். கேழ்வரகும் அவரையும் விளைந்த மானாவாரி நிலங்களின் சொந்தக்காரர்கள் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் நின்று ‘அவார்டு போட்டாச்சா?’ என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது பரிசைப் பற்றி அல்ல. 1894ஆம் வருஷத்து நிலக் கையகப்படுத்தும் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி அதிகாரி எழுதிக் கையெழுத்திட வேண்டிய ஒரு முடிவைப் பற்றி. நிலத்தின் உண்மையான பரப்பு எவ்வளவு, அதற்கு என்ன தொகை, அந்தத் தொகையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். கிணறு இருந்தால் கிணறு, புளியமரம் இருந்தால் புளியமரம் கணக்கில் ஏறும். 2014 ஜனவரி முதல் வேறு சட்டம் வந்துவிட்டது. சொல் மாறவில்லை.

அதே ஊரில் சில ஆண்டுகள் கழித்து இன்னொரு வகை ஆட்கள் இதே சொல்லை உச்சரிக்க ஆரம்பித்தார்கள். அசோக் லேலண்ட் 1980இல் வந்தது, டி.வி.எஸ். மொபெட் வந்தது, எண்பதுகளின் நடுவில் டைட்டன் கடிகாரம் வந்தது. அவற்றோடு நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளும் வந்தன. ஆலைகள் வந்த இடத்தில் சங்கங்களும் வரும், தகராறும் வரும். தொழிலாளர் நீதிமன்றம் தருவதன் பெயரும் அவார்டுதான். 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டம் அதற்குக் கெடு வைத்திருந்தது: சர்க்காருக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் பிரசுரிக்க வேண்டும், பிரசுரித்த 30 நாட்கள் கழித்து அது அமலுக்கு வரும். வேலைநீக்கம் செய்யப்பட்டவனுக்கு அந்தச் சொல்லில் சோறு இருந்தது.

மூன்றாவது அர்த்தம் கடைசியில் வந்து, முதல் இரண்டையும் மறைத்துவிட்டது. இன்று ஓசூரில் ஒரு கல்லூரி மாணவனிடம் ‘அவார்டு’ என்றால் கண்ணாடியில் செய்த ஒரு முக்கோணமும், ஒரு சால்வையும், ஒரு புகைப்படமும்தான் ஞாபகத்துக்கு வரும். அரசாங்கத் தமிழில் நில விஷயத்துக்குத் ‘தீர்வம்’ என்று எழுதுகிறார்கள். மேடை விஷயத்துக்கு ‘விருது’ என்கிறார்கள். இரண்டு தமிழ்ச் சொற்கள் கிடைத்துவிட்டதால் இவை ஒரே ஆங்கிலச் சொல்லின் இரு முகங்கள் என்பதே மறந்துபோயிற்று. இதனால் இலக்கியத்துக்கு ஒரு நஷ்டம் நேர்ந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்த விசாரணை.

சொல்லின் வேர் பார்வையில் இருக்கிறது. பழைய பிரெஞ்சில் ‘எஸ்கார்தே’ என்று ஒரு வினை. உற்றுப் பார்ப்பது, பரிசீலிப்பது, பார்த்த பிறகு முடிவு சொல்வது என்று அதன் அர்த்தம் விரிந்துகொண்டே போனது. அதன் வடபிரதேச வடிவம் நார்மன்காரர்களோடு கடல் தாண்டி இங்கிலாந்தின் நீதிமன்றங்களுக்குள் நுழைந்து ‘அவார்ட்’ ஆயிற்று. பிரெஞ்சுக்கு அது ஜெர்மானிய மொழிகளிலிருந்து கிடைத்தது. அங்கே அது காவல் காப்பதையும் கவனித்துப் பார்ப்பதையும் குறித்த சொல். ஆகவே நம் ஆஸ்பத்திரி வார்டும், முனிசிபல் வார்டும், ஹாஸ்டல் வார்டனும், ஆலை வாசலில் நீலச் சட்டையோடு நிற்கிற கார்டும் ஒரே குடும்பம். ‘ரிவார்ட்’ என்பது இன்னும் சுவாரஸ்யமானது. அது ‘ரிகார்ட்’ என்ற சொல்லின் மற்றொரு உச்சரிப்புதான். திரும்பிப் பார்ப்பது, பொருட்படுத்துவது. காப்பதும் காண்பதும் இப்படி ஒன்றாகக் கிடப்பது நமக்கு விசித்திரமாகப் பட வேண்டியதில்லை. தோட்டத்துக் கங்காணியின் முழுப்பெயர் கண்காணி.

பதினான்காம் நூற்றாண்டிலிருந்து அவார்ட் என்றால் நடுவரின் முடிவு. இரு கட்சிகள் உண்டு, ஒரு வழக்கு உண்டு, நடுவர் இரு பக்கத்தையும் பார்த்திருக்கிறார், முடிவு எழுத்தில் வருகிறது. போட்டிகளில் நடுவர் அறிவித்த முடிவுக்கும் இதே பெயர் வந்தது. பின்னர் முடிவை விட்டு, முடிவினால் கையில் கிடைத்த பொருளுக்குப் பெயர் தாவியது. ஹாலிவுட் அகாதெமி 1929இல் சிலை கொடுக்க ஆரம்பித்த பிறகு உலகம் முழுக்கப் பொருள்தான் அர்த்தம் என்றாயிற்று. ஆனால் நம் நாட்டில் பழைய அர்த்தம் வெகு காலம் உயிரோடு இருந்தது. பத்திரிகை படிக்கிற தமிழனுக்கு 1932இல் அவார்ட் என்றால் ஆகஸ்டு 16ஆம் தேதி ராம்ஸே மக்டொனால்ட் வெளியிட்ட வகுப்புவாரித் தீர்ப்பு. 1947இல் அது ராட்கிளிஃப் கிழித்த கோடு.

ஓசூர்க்காரர் ஒருவரின் வாழ்க்கையிலேயே இந்த இரண்டு அர்த்தமும் அடங்கிவிடுகிறது. ராஜாஜி 1878இல் பிறந்த தொரப்பள்ளி, ஓசூருக்குப் பக்கத்துக் கிராமம். அவருடைய தகப்பனார் அந்த ஊருக்கு முன்சீப். சில்லறை வழக்குகளுக்கு முடிவு சொல்கிற அதிகாரம் அந்நாளில் கிராம முன்சீப்புக்கு இருந்தது. மக்டொனால்டின் அவார்டை மாற்றிய 1932 செப்டம்பர் பூனா ஒப்பந்தத்தில் ராஜாஜி கையெழுத்திட்டார். 1954இல், பாரத ரத்னா என்ற அவார்ட் ஏற்பட்ட முதல் வருஷத்தில், அதைப் பெற்ற மூவரில் அவர் ஒருவர். ராதாகிருஷ்ணனும் ராமனும் மற்ற இருவர். 1958இல் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ நூலுக்குச் சாகித்ய அகாதெமியும் வந்தது. முதல் அவார்டை எதிர்த்து ஒரு மனிதர் உண்ணாவிரதம் இருந்தார், நாடு முழுக்க வாதாடியது. இரண்டாவது வகையை எதிர்த்து வாதாட வழியே கிடையாது. அது கொடுக்கப்பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

எல்லைப்புறத்தில் பழைய அர்த்தம் அவ்வப்போது விழித்துக்கொள்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5ஆம் தேதி சொன்ன முடிவை ஆங்கிலப் பத்திரிகைகள் அவார்ட் என்றே எழுதின. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270 டி.எம்.சி. என்று பங்கு பிரித்த கணக்கு அது. 2018இல் சுப்ரீம் கோர்ட் அதைத் திருத்தித் தமிழ்நாட்டுப் பங்கை 404.25 ஆக்கியது. இடையில், 2016 செப்டம்பர் கலவரத்தின்போது பஸ்கள் நின்றுபோய், அத்திப்பள்ளியிலிருந்து ஓசூருக்கு ஜனங்கள் மூட்டை முடிச்சோடும் கைக்குழந்தையோடும் நடந்து வந்தார்கள். தீர்ப்பு என்பதற்கு அத்தனை கனம் உண்டு.

இனி விருது. வடமொழியில் பிருதம் அல்லது விருதம், கன்னடத்திலும் தெலுங்கிலும் பிருது, தமிழில் விருது. எந்த மொழி எதனிடம் வாங்கியது என்பதில் பண்டிதர்களுக்குள் ஒற்றுமை இல்லை. மூன்று பாஷையும் ஒரே சந்தையில் பேரம் பேசுகிற ஓசூரில் அந்தக் கேள்விக்கு அவசரமும் இல்லை. அகராதிகள் சொல்கிற பழைய அர்த்தங்கள்: வெற்றிச்சின்னம், பட்டப்பெயர், கொடி. கவனிக்க வேண்டியது இதுதான்: இந்த அர்த்தங்களில் கொடுப்பவன் என்று ஒருவன் கட்டாயம் இல்லை. விருது பெரும்பாலும் அரசன் தனக்குத்தானே வைத்துக்கொள்வது. முதலாம் மகேந்திரவர்மன் பல்லாவரத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் கல்லில் வெட்டி வைத்த விருதுகளைப் படித்துப் பாருங்கள்: விசித்திரசித்தன், மத்தவிலாசன், சித்திரகாரப்புலி. சில தெலுங்கில்கூட இருக்கின்றன. எந்த நடுவர் குழு அவனைச் சித்திரக்காரர்களில் புலி என்று தேர்ந்தெடுத்தது?

இந்தப் பிரதேசத்து ராஜாக்களும் குறைந்தவர்கள் அல்ல. ஹொய்சள ராமநாதன் பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே குந்தாணியைத் தலைநகராக வைத்திருந்தான். ஹொய்சளர்களின் விருதுகளில் ஒன்று ‘மலபரொள் கண்ட’. மலைத் தலைவர்களிடையே வீரன் என்று அர்த்தம். பிறகு வந்த விஜயநகரத்தார், கொடுத்த வாக்கைத் தப்புகிற ராயர்களுக்குக் கண்டன் என்று சாசனம்தோறும் எழுதிக்கொண்டார்கள். அவர்களுடைய தமிழ்ச் சாசனங்களில் வருகிற மற்றொரு விருது எனக்குப் பிடித்தமானது: ‘கண்ட நாடு கொண்டு கொண்ட நாடு கொடாதான்’. பார்த்த நாட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு, எடுத்ததைத் திருப்பித் தராதவன். நில எடுப்பு இலாகாவின் வாசலில் இதை எழுதி வைத்தால் பொருந்தும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. இந்த விருதுகள் அரசனுக்கு முன்னால் கட்டியக்காரனால் கூவப்பட்டன. கூவுகிறவன் சம்பளக்காரன். அவன் எதையும் பார்த்து நிதானித்துச் சொல்லவில்லை. மனப்பாடம் செய்ததைச் சொன்னான்.

பக்கத்து மொழிகளுக்குப் போனாலும் நிலைமை அதுதான். அத்திப்பள்ளியைத் தாண்டினால் விருதுக்குப் பெயர் பிரஷஸ்தி. சாசன ஆய்வாளர்களுக்குத் தெரியும், பிரஷஸ்தி என்பது அரசனின் புகழ்மாலை. நம்முடைய மெய்க்கீர்த்திக்கு உறவு. இந்திக்காரர்கள் புரஸ்காரம் என்கிறார்கள்: முன்னால் வைப்பது. கன்னடத்தில் புகழ், இந்தியில் முன்வரிசை, தமிழில் கொடி. மலையாளிகள் எந்தச் சிரமமும் படாமல் அவார்ட் என்றே எழுதிவிடுகிறார்கள். தமிழில் வெகுமதி என்று நல்ல சொல் ஒன்று இருந்தது. பஹு மதி, அதாவது பெரிய மதிப்பு. மதிப்பிடுகிற புத்தி அதற்குள் இருந்தது. அதைப் போலீஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், துப்புக் கொடுத்தால் வெகுமதி. சன்மானம் என்ற சொல் பத்திரிகைகளுக்குப் போயிற்று. நம்முடையதைப் போன்ற பத்திரிகைகளில் அது வழக்கொழிந்த சொல்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தமிழ்ப் பத்திரிகைகள் ‘சாகித்ய அகாதெமி பரிசு’ என்றுதான் பெரும்பாலும் எழுதின. அது மெல்ல மெல்ல ‘விருது’ ஆயிற்று. நோபல் மட்டும் இன்றுவரை பரிசாகவே தங்கியிருக்கிறது. இந்த மாற்றத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. அரசியல் சாசனத்தின் 18ஆவது பிரிவு, ராணுவமோ கல்வியோ சார்ந்தவை தவிர வேறு எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது. ராவ் பகதூர், திவான் பகதூர் சமாசாரத்துக்கு வைத்த முற்றுப்புள்ளி. அப்படியானால் பாரத ரத்னாவும் பத்மங்களும் எப்படி என்று வழக்கு வந்தது. 1995இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது: இவை பட்டங்கள் அல்ல, அவார்டுகள், ஆகவே செல்லும், ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொள்ளக் கூடாது. கோர்ட் கவனமாகப் பிரித்த அந்த இரண்டையும் தமிழ் ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிட்டது. விருது என்றால் பழந்தமிழில் பட்டம். அந்தப் பெயரை வைத்தோம், பொருளும் அதன் பின்னால் வந்து சேர்ந்தது. கல்யாணப் பத்திரிகையில் ‘கலைமாமணி’ பெயருக்கு முன்னால் அச்சாவதைப் பார்க்கிற யாருக்கும் அது ஒரு தீர்ப்பு என்று தோன்றாது. கட்டியக்காரன் குரல்தான் கேட்கிறது.

நோபலில் தங்கிவிட்ட ‘பிரைஸ்’ பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பரிசைக் குறிக்கிற பிரைஸும் விலையைக் குறிக்கிற பிரைஸும் தமிழில் எழுதினால் ஒரே எழுத்து. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் ஒரே சொல்தான். புகழ்ச்சியைக் குறிக்கிற ‘பிரெய்ஸ்’ அதற்கு உடன்பிறப்பு. லத்தீனில் விலை என்ற ஒரு சொல்லிலிருந்து மூன்றும் கிளைத்தன. ஆனால் ஓசூர் அறிந்த பிரைஸ் வேறு. அது ‘பிடித்தது’ என்ற அர்த்தமுள்ள இன்னொரு வேரிலிருந்து வந்து, கப்பற்படைக்காரர்களும் ராணுவத்தாரும் கொள்ளைப் பொருளுக்கு வைத்த பெயர். மூன்றாம் மைசூர் யுத்தம் முடிந்து 1792இல் பாராமகால் கம்பெனிக்கு வந்தது. அந்த யுத்தத்தில் போன சிப்பாய்களுக்குக் கம்பெனி மெடல் அடித்துக் கொடுத்தது: ஒரு சிப்பாய், கையில் கொடி, காலடியில் கவிழ்ந்த பீரங்கி, பின்னணியில் ஸ்ரீரங்கப்பட்டணம். ஓசூர் 1799இல் திப்பு விழுந்த பிறகு கம்பெனி கைக்கு வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொள்ளையைக் கணக்குப் பார்த்து அந்தஸ்துப்படி பிரித்துக் கொடுக்க ‘பிரைஸ் ஏஜெண்ட்’ என்று அதிகாரிகளை நியமித்தார்கள். திப்புவின் தங்கச் சிம்மாசனம் துண்டு துண்டாக வெட்டப்பட்டது அவர்கள் கையால்தான். அதன் புலித்தலை இன்று விண்ட்ஸரில் இருக்கிறது. வெற்றிக்காரன் தனக்குத்தானே எடுத்துக்கொள்வது என்ற விஷயத்தில் இந்தப் பிரைஸும் பழைய விருதும் வெகு நெருக்கம். பள்ளி ஆண்டுவிழாவிலும் ஆலையின் ஆயுத பூஜையிலும் நாம் கொடுக்கிற ஷீல்டுகூட யுத்தகளத்துச் சாமான்தானே.

ஆனால் இந்த மண்ணுக்கு இன்னொரு மரபும் உண்டு. அது விருதைவிடப் பழையது. கிருஷ்ணகிரி 2004இல் தனி ஜில்லா ஆவதற்கு முன் தருமபுரியோடு இருந்தது. தருமபுரிதான் பழைய தகடூர் என்பது ஆய்வாளர்களின் முடிவு. தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைப் பாடப்புத்தகம் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டது. அது கொடைக் கதை. அவனைப் பற்றிய பரிசில் வழக்குகளைத்தான் நாம் படிக்க வேண்டும். வழக்கு என்று யோசித்தே சொல்கிறேன்.

புறநானூற்றின் 206ஆம் பாட்டில், பரிசில் தாமதமானதும் அவ்வை கோபித்துக்கொண்டு கிளம்புகிறாள். பேசுவது வாயில் காப்போனிடம். உன் தலைவன் தன்னையும் அறியவில்லையா, என்னையும் அறியவில்லையா என்பது அவளுடைய கேள்வியின் சாரம். 208ஆம் பாட்டு இன்னும் கடுமையானது. பெருஞ்சித்திரனார் மலையும் காடும் கடந்து அதியமானைப் பார்க்க வருகிறார். அவன் அவரைப் பார்க்காமலேயே, இதை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று பரிசில் அனுப்புகிறான். அவர் வாங்கவில்லை. தன்னைப் பார்க்காமல் தந்த பொருளை எடுத்துப்போக, தான் பண்டத்துக்கு விலை வாங்க வந்த வியாபாரி இல்லை என்கிறார். தன் தகுதி அளந்து அறிந்து கொடுத்தால் தினையளவு போதும் என்கிறார்.

இந்த இடத்தில் நார்மன் நீதிமன்றச் சொல்லும் தகடூர்ப் புலவனும் சந்திக்கிறார்கள். பார்த்தாயா என்பதுதான் கேள்வி. தொகை அல்ல, தாமதம்கூட அல்ல. பாராமல் கொடுத்தது எவ்வளவு பெரியதானாலும் அது அவார்ட் ஆகாது. சொல்லே இடம் கொடுக்காது. கபிலர் மலையமான் திருமுடிக்காரிக்குச் சொன்னதும் இதுதான். கொடுப்பது சுலபம், வரிசை அறிவது கஷ்டம், ஆகவே புலவர்களிடம் பொதுநோக்கை விட்டுவிடு என்கிறார் அவர். எல்லோருக்கும் ஒரே மாதிரி அள்ளிக் கொடுப்பதைத் தாராளம் என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பார்க்கச் சோம்பல்பட்டவனின் காரியம் என்று எடுத்துக்கொண்டார். பெருஞ்சித்திரனார் இதில் இன்னும் ஒரு படி போனவர். இளவெளிமான் அற்பமாகக் கொடுத்ததைத் தள்ளிவிட்டு, குமணனிடம் போய் யானை வாங்கி வந்து, அதை இளவெளிமானின் காவல்மரத்திலேயே கட்டிவிட்டுப் போனார். மேல்முறையீடு என்றால் இதுதான்.

அடுத்து நடுகல். கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் பக்கங்களில் ஏரிக்கரையிலும் புளியந்தோப்பிலும் வட்டெழுத்தோடு சாய்ந்து நிற்கிற கற்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் வாசகத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. எந்த அரசனின் எத்தனையாவது வருஷம், எந்த ஊர், யார் மாடு கவர்ந்தார்கள், யார் மீட்டுச் செத்தான். அடைமொழி குறைவு, விவரம் அதிகம். சில இடங்களில் செத்தவன் குடும்பத்துக்கு நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்று நிலம் விட்டிருக்கிறார்கள். ரத்தத்துக்கு நிலம், காரணம் கல்லில் இருக்கிறது. செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சி வருஷத்தைச் சேர்ந்தது. அதில் வீரனோடு கோவிவன் என்ற அவன் நாய்க்கும் இடம் உண்டு. இரண்டு கள்ளரைக் கடித்துவிட்டு, விழுந்த எஜமானனைக் காத்து நின்றது என்று அதன் காரியமும் பதிவாகியிருக்கிறது. தன்னைச் சித்திரகாரப்புலி என்று கூறிக்கொண்ட அதே ராஜாவின் காலத்தில், ஒரு நாயைப் பற்றி ஊரார் எவ்வளவு நிதானமாக எழுதினார்கள் பாருங்கள். நடுகல் எடுப்பதன் படிகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்தும்போது முதலில் வைப்பது காட்சி. வாழ்த்து கடைசியில்தான் வருகிறது.

சாகித்ய அகாதெமியின் தமிழ்ப் பட்டியலிலும் நடுகற்கள் உண்டு. 1954இல் காலமான கல்கிக்கு 1956, 1964இல் காலமான பாரதிதாசனுக்கு 1969, கு. அழகிரிசாமிக்கு அவர் இறந்த 1970லேயே. ஆதவனுக்கு அவர் இறந்த 1987இல். ‘எழுத்து’வை 1959 முதல் 1970 வரை நடத்திய சி.சு. செல்லப்பா 1998இல் இறந்தார். ‘சுதந்திர தாகம்’ நாவலுக்கு 2001இல் கொடுத்தார்கள். நடுகல் என்று சொன்னதை வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது. நடுகல்லில் செத்தவன் என்ன செய்தான் என்று எழுதியிருக்கும். செல்லப்பா தமிழ் விமர்சனத்துக்கு என்ன செய்தார், புதுக்கவிதைக்கு எந்தப் பக்கங்களில் இடம் கொடுத்தார், அந்த நாவல் எங்கே நிற்கிறது, எங்கே நொண்டுகிறது என்பது எந்த நடுவர் கையெழுத்திலும் நமக்குக் கிடைக்கவில்லை. மேடையில் வாசிக்கிற பாராட்டுரைகள் இருக்கின்றன. அவை நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டவை. ஆனால் அவை மெய்க்கீர்த்திகள். பட்டியலில் இருந்த மற்ற புத்தகங்கள் எவை, அவை ஏன் தள்ளப்பட்டன என்று ஒரு வரி அவற்றில் இருக்காது. எதிர்க்கட்சியின் பெயரே இல்லாத தீர்ப்பு உலகில் வேறு எங்காவது உண்டா?

இப்படிக் கேட்டால், கலையை அளக்க முடியாது, ரசனை அவரவர் சொந்தம், காரணம் கேட்பது அநாகரிகம் என்று ஒரு பதில் வரும். அதே ஓசூரில் நடந்த ஒன்றை வைத்துப் பார்க்கலாம். டி.வி.எஸ். மோட்டார் கம்பெனிக்கு 2002இல் டெமிங் பரிசு கிடைத்தது. ஜப்பானிய விஞ்ஞானிகள், இஞ்சினியர்களின் சங்கம் 1951 முதல் கொடுத்து வருகிற பரிசு அது. அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் தன் சொற்பொழிவுப் புத்தகத்தின் ராயல்டியை விட்டுக்கொடுத்ததில் உருவானது. அதில் போட்டி கிடையாது. நிர்ணயித்த தரத்தை எட்டுகிற எல்லோருக்கும் உண்டு, எட்டாவிட்டால் யாருக்கும் இல்லை. தேர்வாளர்கள் ஆலைக்கே நேரில் வருகிறார்கள். கீழ்மட்டத் தொழிலாளியிடம் போய், இந்த வேலையை ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்கிறார்கள். மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் செய்கிற இடத்தை இத்தனை உற்றுப் பார்ப்பது சாத்தியமானால், அறுபது பக்கக் கவிதைத் தொகுப்பைப் பார்ப்பது சாத்தியமில்லை என்பது எப்படி? கவிதையை அளக்கச் சொல்லவில்லை. படித்ததற்கு அத்தாட்சி கேட்கிறேன். பெருஞ்சித்திரனார் கேட்டதும் அளவுகோலை அல்ல.

விருது வேண்டாம் என்று மொத்தமாகத் தள்ளுகிற வாதத்திலும் எனக்கு உற்சாகமில்லை. 1964இல் சார்த்ர் நோபலை மறுத்தது பெரிய செய்தியாயிற்று. அவர் மறுத்தது எழுத்தாளன் ஒரு ஸ்தாபனமாகிவிடக் கூடாது என்பதற்காக. தகடூர் வாசலில் நடந்த மறுப்பு அந்த ஜாதி அல்ல. அது பரிசிலை ஏற்கிறது, பரிசிலன் என்ற நிலையையும் வெட்கமில்லாமல் ஏற்கிறது, பார்வையில்லாமையை மட்டும் மறுக்கிறது. எழுதிப் பிழைக்க முடியாத மொழியில் பணமும் லேசான விஷயமல்ல. நில எடுப்புச் சட்டத்தில் இதற்கு ஓர் அழகான ஏற்பாடு இருந்தது. 31ஆம் பிரிவின்படி, நிலக்காரன் பணத்தை ஆட்சேபணையோடு பெற்றுக்கொள்ளலாம். வாங்கிக்கொண்டேன், ஆனால் உன் மதிப்பீட்டை ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம். 18ஆம் பிரிவின்படி பிறகு கோர்ட்டுக்குப் போகலாம். அதிகாரி எழுதுகிற அவார்ட் இறுதித் தீர்ப்பு அல்ல, சர்க்கார் நிலக்காரனுக்கு முன்வைக்கிற ஒரு விலைதான் என்று சுப்ரீம் கோர்ட்டே 1961இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. தமிழ் எழுத்தாளன் ஒருவன் சால்வையை வாங்கிக்கொண்டு, ஆட்சேபணையோடு பெற்றுக்கொண்டேன் என்று ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. போட்டால் அவனுக்கு என்ன பதில் கிடைக்கும் என்பதும் தெரியவில்லை, ஏனென்றால் ஆட்சேபிக்க அங்கே எழுதப்பட்ட மதிப்பீடு எதுவும் இல்லை.

சிறுபத்திரிகைக்காரர்களும் இப்போது விருது கொடுக்கிறார்கள். நினைவுப் பரிசுகள், அறக்கட்டளைகள், வாசகர் வட்டங்கள். ஸ்தாபன விருதுகளைக் கேலி செய்தே வளர்ந்த நாம், கொடுக்கிற இடத்துக்கு வந்ததும் செய்வது அதே மூன்று வரி அறிவிப்பு, அதே புகைப்படம். பணம் குறைவு என்பது ஒன்றுதான் வித்தியாசம். அகாதெமியைத் திருத்துவது நம் கையில் இல்லை. நம் நடுவர்களைக் கேட்பது நம் கையில் இருக்கிறது. ஓசூர் மானாவாரி நிலத்துக்கு 1894ஆம் வருஷத்துச் சட்டம் கேட்ட மூன்றில் தொகையை விட்டுவிடலாம், அது எப்படியும் முன்கூட்டியே நிர்ணயமாகிவிடுகிறது. பங்குப் பிரச்சினை எழுத்தில் கிடையாது. மிஞ்சுவது முதல் கேள்வி: உண்மையான பரப்பு எவ்வளவு? இந்தப் புத்தகம் எந்த இடத்தில் ஆரம்பித்து எதுவரை போயிருக்கிறது, அதன் எல்லைக்கு வடக்கே யார் நிலம், தெற்கே யார் நிலம், அதற்குள் கிணறு இருக்கிறதா, தண்ணீர் எத்தனை அடியில். இரண்டு பக்கம் போதும். நடுவர்கள் மூவரானால் மூவரும் தனித்தனியாக எழுதட்டும், ஒத்துவராத இடங்களையும் அப்படியே அச்சிடட்டும், பரிசு கொடுத்த 30 நாட்களுக்குள்.